கழன்று வராத ஜடை

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்குக் கோயம்புத்தூரில் யாரும் கல்யாணம் செய்ய மாட்டார்கள், யாருக்கும் என் ஜடை வேண்டாம். இருபது வருடமாக மணப்பெண்களுக்குப் பூ ஜடை தைக்கிற கை இது. ஆடியில் மட்டும் வேலை இல்லாமல் அரித்துக்கொண்டே இருக்கும். போன வருடம் வீட்டுத் திரைச்சீலைகளுக்கெல்லாம் குஞ்சலம் கட்டினேன். என் வீட்டுக்காரர் குழந்தைவேலு பார்த்துவிட்டு, "அடுத்து எனக்கும் கட்டிப்போடாத" என்றார்.

இந்த வருடம் கைக்கு வேலை உண்டு. ஹெல்மெட் ஜடை. காலேஜ் பெண்கள் போனில் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து கேட்டார்கள். உள்ளே நைலான் கயிறு, அதன் மேல் கம்பளி நூல் பின்னல், நுனியில் குஞ்சலம், குஞ்சலத்தில் மூன்று மணி. இரண்டடி நீளம். ஹெல்மெட்டின் பின்னால் ரப்பர் கிண்ணத்தை வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். வண்டி போகும்போது ஜடை பின்னால் பறக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு குறை. வெயில் பட்டால் ரப்பர் விட்டுவிடுகிறது. இன்றைக்கு இரண்டு பெண்கள் வந்து, "அக்கா, ஜடை எங்க விழுந்துச்சுன்னே தெரியல" என்றார்கள். நான் கட்டிய ஜடை கழன்று விழுந்தது என்று இதுவரை ஒருத்தி சொன்னதில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 19, புதன்

வழி கிடைத்தது. போல்ட்!

குழந்தைவேலு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் அவரிடம் உண்டு, துளை போடும் மிஷினும் உண்டு. ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு துளை. ஜடையின் உள்கயிற்றைப் போல்டில் முடிந்து, உள்ளே நட்டு போட்டு இறுக்கி, மேலே பஞ்சை மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. அவர் ஒரு தரம், "ஹெல்மெட்டுல ஓட்டை போடறதா இந்து?" என்று கேட்டார். "சின்ன ஓட்டைதானுங்க" என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. பேசுகிற ஆளும் இல்லை.

முதல் போல்ட் ஜடை தாரணிக்கு. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிற பெண், ஒண்டிப்புதூரில் வீடு. திங்கட்கிழமை ஜடையைத் தொலைத்துவிட்டு வந்தவர்களில் ஒருத்தி. வாய் ஓயாமல் பேசுவாள். வண்டி வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் ஒரு வருடம் சண்டை போட்டிருக்கிறாள். "பஸ்ஸுல போனா அஞ்சு மணிக்கு எந்திரிக்கோணும்க்கா. வண்டி வந்ததுல இருந்து ஆறரை வரைக்கும் தூங்கறேன். சொர்க்கம்" என்றாள். பாவம், அவளுடைய சொர்க்கம் ஒன்றரை மணி நேரத் தூக்கம்.

போகும்போது, "போலீஸ் புடிப்பாங்களாக்கா?" என்று கேட்டாள். எனக்கும் அது தெரியாது. காய் வாங்கப் போனபோது சிக்னலில் நின்ற எஸ்.ஐ.யிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"ஹெல்மெட் போட்டிருக்காங்களா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா, பட்டையை மாட்டியிருக்காங்களா, அதைத்தானுங்கம்மா நாங்க பாக்கறது. ஜடைக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடச் சொல்றீங்க?"

அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். சந்தோஷமாக அரைக் கிலோ வெண்டைக்காய் அதிகம் வாங்கினேன்.

ஜூலை 21, வெள்ளி

இன்றோடு ஒன்பது போல்ட் ஜடை. விரல் நுனியெல்லாம் கம்பளி நூல் அறுத்துச் சிவந்திருக்கிறது. கார்ப்பரேஷன் தண்ணீர் பத்து நாளைக்குப் பிறகு வந்தது, பிடித்து வைத்தேன். காற்று கொஞ்சமாகவா அடிக்கிறது? மொட்டை மாடியில் காயப்போட்ட இரண்டு துண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். துண்டு எம்மாத்திரம்.

ஜூலை 22, சனி

தாரணி வண்டியிலிருந்து விழுந்துவிட்டாளாம்.

அவளோடு படிக்கிற பெண் ஜடை வாங்க வந்தவள் சொன்னாள். வியாழக்கிழமை சாயங்காலம், திருச்சி ரோட்டில். கழுத்தில் அடி. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். எப்படி விழுந்தாள் என்று கேட்டேன். "போன் பேசிட்டே போயிருப்பா போலங்க்கா, அவங்கப்பா அப்படித்தான் சொல்றாரு" என்றாள்.

போன்தான். இந்தக் காலத்துப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான் போகிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கும் ஜடை மாட்டிக் கொடுத்தேன். பச்சையும் மஞ்சளும்.

ஜூலை 23, ஞாயிறு

குழந்தைவேலு கறி எடுத்து வந்தார். காரம் தூக்கலாகப் போட்டுவிட்டேன். இரண்டு தரம் வீடு கூட்டினேன்.

ஜூலை 25, செவ்வாய்

நஸீமாவைப் பார்க்கப் போனேன். நான்கு வருடம் முன்பு அவள் கல்யாணத்துக்கு மல்லிகை ஜடை தைத்துக் கொடுத்தேன், இப்போது கோர்ட்டில் வக்கீல். சும்மா பார்க்கத்தான் போனேன். போன இடத்தில் பேச்சுவாக்கில் கேட்டேன், ஹெல்மெட்டில் போல்ட் போட்டு ஜடை கட்டினால் சட்டப்படி தப்பா என்று.

அவள் புத்தகத்தைப் புரட்டியே பார்த்துவிட்டாள். மோட்டார் வாகனச் சட்டம், நூற்று இருபத்தொன்பதாவது பிரிவு. ஹெல்மெட் போட வேண்டும், தரமானதாக இருக்க வேண்டும், தலையில் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். "ஜடை, கொம்பு, பூனைக் காது இதப் பத்தியெல்லாம் இங்க ஒரு வார்த்தை இல்லைக்கா" என்றாள்.

ஒரு வார்த்தை இல்லை. இதைவிட வேறென்ன வேண்டும்? மேற்கொண்டு அவள் வேறு என்னமோவும் சொன்னாள். வக்கீல்கள் எதையும் ஒரே வாக்கியத்தில் முடிக்க மாட்டார்கள்.

வரும் வழியில் தாரணி இருக்கிற ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். பார்வை நேரம் முடிந்திருந்தது. முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது என்று வாட்ச்மேன் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்.

ஜூலை 27, வியாழன்

பதினேழு ஜடை ஆகிவிட்டது.

சாப்பிடும்போது குழந்தைவேலு, "அந்தப் புள்ள எப்படி விழுந்துச்சாம்?" என்று கேட்டார். "போன் பேசிட்டுப் போயிருக்குது" என்றேன். "நீ பாத்தியா?" என்றார். நான் எப்படிப் பார்க்க முடியும்? சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன். வாயைத் திறக்காத மனுசன் திறந்தால் இப்படித்தான்.

ஜூலை 28, வெள்ளி

இனி துளையைக் கொஞ்சம் சின்னதாகப் போடச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன். துளை சின்னதானால் போல்டும் சின்னதாகும், சின்ன போல்டு தாங்காது.

ஜூலை 30, ஞாயிறு

தூக்கம் சரியாக இல்லை. பகலில் படுத்தாலும் வரவில்லை. ஒரு விஷயம் எழுதிவிடுகிறேன், எழுதினால் போய்விடும்.

கல்யாண மண்டபத்தில் ஜடையை நான் பெண்ணின் சொந்த முடியோடு சேர்த்து ஊசி நூலால் தைப்பேன். மாலை மாற்றும்போது மாமன்மார் பெண்ணைத் தூக்குவார்கள், யாராவது விளையாட்டுக்கு இழுப்பார்கள், ஜடை அசையக் கூடாது. தாலி ஏறி, சாப்பாடு முடிந்து, ராத்திரி நானே கத்தரித்து எடுத்தால்தான் வரும். "இந்துமதி கட்டினால் கழலாது" என்பதுதான் என் பெயர். இருபது வருடத்துப் பெயர். அதைத்தான் ஹெல்மெட்டுக்கும் செய்தேன். வேறு ஒரு தப்பும் நினைக்கவில்லை.

எழுதியும் போகவில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பதினோரு மணிக்கு ஒரு அம்மா கடைக்கு வந்தார். பெயர் சாவித்திரி. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், ஜடை வேண்டும் என்றார். மாதிரிகளை எடுத்துக் காட்டினேன். தாழம்பூ வைத்ததா, முத்து வைத்ததா என்று கேட்டேன். முத்து போதும் என்றார். அளவெடுக்க வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். "பொண்ணு கழுத்த அசைக்க முடியாதுங்க. பட்டை போட்டிருக்குது. வண்டியில விழுந்துருச்சு."

தாரணியின் அம்மா.

"படிப்பு முடியலீங்களே" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை, பேச ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தார். வண்டியை விற்றாகிவிட்டதாம். இனி அவளை வெளியே அனுப்ப அப்பாவுக்கு மனசு இல்லையாம். மாமன் மகன் திருப்பூரில் கம்பெனி வைத்திருக்கிறான், கேட்டுக்கொண்டே இருந்தார்கள், சரி என்று சொல்லிவிட்டார்கள். அதோடு இன்னொன்றும் இருக்கிறதாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"போன் பேசல, யாரோ பின்னால இருந்து முடியப் புடிச்சு இழுத்தாங்கன்னு சொல்லுதுங்க. நாங்க நம்பல. அவங்க அத்தைதான், ஆடி மாசம், அந்த வழியில சுடுகாடு வேற இருக்குது, என்னமோ புடிச்சிருக்குதுன்னு சொல்லி, ரெண்டு தடவ மந்திரிச்சுட்டு வந்தோம். புள்ள அழுவுது. என்னுங்க பண்றது, கல்யாணம் ஆனா சரியாயிரும்."

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றேன். முன்பணம் வாங்கவில்லை. ஆடியில் முன்பணம் வாங்க மாட்டேன் என்று ஒரு பொய் சொன்னேன்.

பின்னால் இருந்து முடியைப் பிடித்து இழுத்தார்களாம்.

ஆகஸ்ட் 2, புதன்

நான்கு பெண்கள் ஹெல்மெட்டோடு வந்தார்கள். நூல் தீர்ந்துவிட்டது என்றேன். அலமாரி நிறைய நூல் இருந்தது, அவர்களும் பார்த்தார்கள். கடையை மூடிவிட்டு இட்லிக்கு மாவு ஆட்டினேன். ஏற்கெனவே ஆட்டிய மாவு ஃப்ரிட்ஜில் இருந்தது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஒண்டிப்புதூர் போனேன். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. ஆடி வெள்ளிக்கா, தாரணிக்கா என்று தெரியவில்லை.

அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை. நெற்றி நிறைய விபூதி, கையில் கறுப்புக் கயிறு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அக்கா, நீங்களா! எனக்குக் கடைசில உங்க நிஜ ஜடையே வரப்போகுது பாருங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண் சிரிக்கவில்லை.

பின்னால் நின்று முடியை அளந்தேன். நல்ல முடி. அம்மா காபி போட உள்ளே போனார். தாரணி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, பேய் இருக்கா?"

"ஏன் கண்ணு?"

"சத்தியமா போன் பையிலதான் இருந்துச்சுக்கா. நாப்பதுலதான் போனேன். ரோட்டோரமா ஒரு குட்டியானை லோடு வண்டி நின்னுச்சு, கொக்கி போட்டுத் தார்ப்பாய் கட்டியிருந்துச்சு. அதைத் தாண்டுனேன், அவ்ளோதான், தலையப் புடிச்சு யாரோ பின்னால இருந்து ஒரே இழு. இங்க பாருங்க." தாடையைத் தூக்கிக் காட்டினாள். தாடைக்கு அடியில், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை, விரல் அகலத்துக்குக் கறுத்த கோடு. ஹெல்மெட் பட்டை அழுத்திய தடம். "ஆனா முடி ஹெல்மெட்டுக்குள்ள இருந்துச்சுக்கா. வெளிய முடியே இல்ல. அப்புறம் எதைப் புடிச்சு இழுத்துருக்கும்? அதான் எனக்கே பயமா இருக்குது. ஒருவேளை அத்தை சொல்றது நெசமோ என்னமோ. இல்லாட்டி எனக்கு ஓட்டவே தெரியலையோ என்னமோ."

ஹெல்மெட் எங்கே என்று கேட்டேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தது. விழுந்த நாளிலிருந்து யாரும் தொடவில்லையாம், அத்தை தொட விடவில்லையாம். நான் எடுத்துப் பார்த்தேன். சிவப்பு ஜடை, நான் பின்னியது. குஞ்சலம் இல்லை. நுனியில் நைலான் கயிறு பிய்ந்து, பிரி பிரியாக இருந்தது. சாலையில் தேய்ந்தால் இப்படிப் பிரியாது, எதிலோ மாட்டி இழுத்தால்தான் இப்படிப் பிரியும். எனக்குத் தெரியாதா? நான் கட்டிய குஞ்சலம்.

மேலே போல்ட் இம்மிகூட அசையவில்லை.

காபி குடித்தேன். சூடு தெரியவில்லை. அளவை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். எதுவும் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். அவள் அப்பா துரைசாமி உள்ளே வந்து, "வாங்கம்மா, பொண்ணுக்கு நல்லபடியா கட்டி உடுங்க, எங்குளுக்கு ஒரே புள்ள" என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 5, சனி

நஸீமா அன்றைக்குச் சொன்ன மீதியை இப்போது எழுதுகிறேன்.

"ஆனா அக்கா, ஹெல்மெட்டுல ஓட்டை போட்டீங்கன்னா, அந்த முத்திரை ஓட்டை போடறதுக்கு முன்னாடி இருந்த ஹெல்மெட்டுக்குக் குடுத்தது. ஓட்டை போட்டதுக்கு அப்புறம் அது அதே ஹெல்மெட்தானான்னு ஜட்ஜு கேட்டா என்ன சொல்றது? சட்டத்துல இல்லைங்கறதுக்காக எல்லாமே சரின்னு ஆயிராது. ஒட்டிக்கறது வேற, போல்ட் போடறது வேற. ஒட்டுனது எங்கயாவது மாட்டுனா கழண்டு வந்துரும்."

கழண்டு வந்துவிடும். ரப்பர் ஜடை கழன்று விழுந்தது என்று நான் வெட்கப்பட்டேன். தார்ப்பாய்க் கொக்கியில் மாட்டியிருந்தால் அது தன்பாட்டுக்குப் பிய்ந்துகொண்டு போயிருக்கும், தாரணி வீட்டுக்குப் போயிருப்பாள். மறுநாள் வந்து "அக்கா, மறுபடியும் தொலைஞ்சுருச்சு" என்று சிரித்திருப்பாள்.

என் மேல் எனக்கே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

குழந்தைவேலுவிடம் சொன்னேன். நீளமாக அழுதேன். அவர் கேட்டுக்கொண்டே கத்தியைத் தீட்டினார்.

"ஓட்டை போட்டது நானு" என்றார் கடைசியில்.

"போடச் சொன்னது நானுங்க."

"செரி, ரெண்டு பேரும் போய்ச் சொல்லிப்போடலாம்."

"கேஸ் ஆயிட்டா? உங்க பட்டறை? என் கடை? ஒருத்திகூட இனி ஜடைக்கு வர மாட்டா."

"வர மாட்டாங்க" என்றார். ஆறுதலாக ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத மனுசன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

போகவில்லை. தலைவலி.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

போகவில்லை. சிலிண்டர் வருகிற நாள். வந்துவிட்டது, காலை ஒன்பதுக்கே.

மத்தியானம் கடை வாசலில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் என் ஜடை மூன்று போனது. மணிச்சத்தம் கேட்கிறது, திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடுகிறது. ஒருத்தி பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே நுழைந்து போனாள், பச்சையும் மஞ்சளும். "ஏய் கண்ணு, நில்லு" என்று கத்திக்கொண்டே ஓடினேன். செருப்பு அறுந்ததுதான் மிச்சம். பழக்கடைக்காரர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்.

இருபத்து நான்கு ஜடை போல்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தாரணி விழுந்தது தெரிந்த பிறகு போட்டவை மட்டும் பதினைந்து. இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

போனோம். இரண்டு பேரும்.

என் ஹெல்மெட்டை எடுத்துப் போனேன். அதில் ஒரு போல்ட் ஜடையை நேற்றே மாட்டி வைத்திருந்தேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று என்னை எனக்குத் தெரியும்.

துரைசாமி அண்ணன், சாவித்திரி அம்மா, அத்தை, தாரணி எல்லாரும் இருந்தார்கள். ஜடை கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துச் சாவித்திரி அம்மா பாய் விரித்தார். நான் பாயில் உட்காரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஹெல்மெட்டைப் போட்டேன், பட்டையை மாட்டினேன். அத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"அண்ணா, இந்த ஜடையப் புடிச்சு இழுங்க" என்றேன்.

"என்னம்மா இது? பொம்பளப் புள்ள தலையப் போயி..."

அவர் அசையவில்லை. யாரும் அசையவில்லை. அப்போது தாரணி எழுந்தாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்பையே திருப்பிக்கொண்டு என் பின்னால் வந்தாள். ஜடையை இரண்டு கையாலும் பிடித்தாள் என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை. அடுத்த நொடி கூரை தெரிந்தது. ஸ்டூல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தாடைக்கு அடியில் பட்டை அறுத்தது. சின்னப் பிள்ளையாக இருந்திருந்தால் அங்கேயே வீறிட்டு அழுதிருப்பேன்.

"அம்மா, இதுதான்!" தாரணி கத்தினாள். "இதேதான்! இப்படியேதான் இழுத்துச்சு!"

தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர், போல்ட், தார்ப்பாய்க் கொக்கி, பிய்ந்த குஞ்சலம். ஓட்டை போட்டது தான்தான் என்று குழந்தைவேலு ஒரு வரி சொன்னார். துரைசாமி அண்ணன் கதவுக்குப் பின்னாலிருந்து ஹெல்மெட்டை எடுத்துவந்து, ஜடையை இழுத்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"இது சட்டப்படி தப்புங்களா?" என்று கேட்டார்.

அவர் குரலில் கோபம் இல்லை. வெறுமனே தெரிந்துகொள்ளக் கேட்டார். மூன்று வாரமாக நான் ஊரெல்லாம் அலைந்து சேர்த்துவைத்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஜடைக்குன்னு சட்டம் இல்லீங்களாம். ஓட்டைக்குக் கோர்ட்டுல கேள்வி வருமாம். நீங்க போலீசுக்குப் போறதுன்னா நானும் கூட வர்றேனுங்க. இதையே அங்கயும் சொல்றேன்."

அவர் தாரணியைப் பார்த்தார். "போன்னு நெனச்சுட்டேன் சாமி" என்றார். தாரணி அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சுது?"

"வெள்ளிக்கெழமை. ஹெல்மெட்ட இங்க பாத்தப்போ" என்றேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. "இல்ல கண்ணு. நீ விழுந்தேன்னு கேட்ட அன்னிக்கே."

"விழுந்து மறுநாளா?"

"ரெண்டு நாள் கழிச்சு."

"எனக்கு ரெண்டு தடவ பேயோட்டுனாங்க" என்றாள். சத்தம் போடவில்லை. "வேப்பிலையால அடிச்சாங்க. கழுத்துல பட்டையோட. பொய் சொல்றேன்னு அப்பா பேசவே இல்ல. வண்டிய வித்தாங்க. கல்யாணம் பேசுனாங்க. நானே என்னை நம்பல. விழுந்ததுக்கு உங்க மேல எனக்குக் கோவம் இல்லைக்கா. வெள்ளிக்கெழமை என் பின்னால நின்னு என் முடிய அளந்தீங்களே, அப்பக்கூட வாயத் தொறக்கலையே நீங்க. அதுக்குத்தான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் குழந்தைவேலு என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பஸ்ஸில் அவர் என் கையைப் பிடித்ததில்லை.

ஆகஸ்ட் 12, சனி

கடை திறக்கவில்லை. போலீஸ் வருவார்கள் என்று ஹாலைக் கூட்டி வைத்தேன். யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பத்து மணிக்குத் தாரணி வந்தாள். தனியாக, பஸ்ஸில். பட்டை இன்னும் இருந்தது. விபூதி இல்லை, கறுப்புக் கயிறு இல்லை.

நான் எழுந்து நின்றேன். அவள் வணக்கம் சொல்லவில்லை, உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கெல்லாம் போல்ட் போட்டீங்க? பேர் சொல்லுங்க."

தெரிந்த பெயர்களைச் சொன்னேன். சிலருக்கு நிறம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அவள் போனில் எழுதிக்கொண்டாள். பாதிப் பேர் அவள் காலேஜ். பிறகு ஒரு செய்தி தட்டினாள், எனக்குப் படித்துக் காட்டினாள், சரியா என்று கேட்கவில்லை.

"ஜூலை இருபதாந்தேதி நான் விழுந்தது போன் பேசுனதால இல்ல, பேயாலயும் இல்ல. ஹெல்மெட் ஜடை குட்டியானைக் கொக்கியில மாட்டி என்னை இழுத்துச்சு. போல்ட் போட்டதால கழலல. உங்க ஹெல்மெட்லயும் அதே போல்ட் இருக்கு. இன்னிக்கே இந்துமதி அக்கா கடைக்கு வாங்க. வர்ற வரைக்கும் வண்டி எடுக்காதீங்க. என் கழுத்தைப் பாக்கணும்னா நானும் இங்கதான் இருக்கேன்."

சாயங்காலம் வரை எட்டுப் பேர் வந்தார்கள். குழந்தைவேலு ஸ்பேனரோடு உட்கார்ந்து கழற்றினார். ஓட்டை விழுந்த ஹெல்மெட்டை இனி போடாதே, புதுசு நான் வாங்கித் தருகிறேன் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். ஒருத்தி என்னைத் திட்டினாள். ஒருத்தி, "ஐயோ, அழகா இருந்துச்சேக்கா" என்று முகத்தைத் தொங்கப்போட்டாள். பச்சையும் மஞ்சளும் வந்தாள், நடந்தே வந்தாள். அவளைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

எல்லாரும் தாரணியின் கழுத்தைப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொருத்திக்கும் தாடையைத் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொருத்தியிடமும் "நான் நாப்பதுலதான் போனேன்" என்று சொன்னாள்.

ஆறு மணிக்குக் கிளம்பினாள். கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தைரியம் இல்லாமல் நின்றேன். அவளே சொன்னாள்.

"கல்யாணம் நிக்கலக்கா. படிப்பு முடியற வரைக்கும் தள்ளி வெச்சிருக்காங்க. அவ்ளோதான் நடந்துச்சு. கேள்விப்பட்ட அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா மாமா வீட்டுல பேசியே இருக்க மாட்டாங்க."

"தெரியும் கண்ணு."

"உங்கள நான் மன்னிக்கல."

"செரி கண்ணு."

செருப்பைப் போட்டுக்கொண்டாள். கழுத்தைக் குனிய முடியாமல் காலால் தேடித் தேடிப் போட்டாள். நான் குனிந்து எடுத்துக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று காலை நகர்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லட்டாக்கா? நான் சொன்னதை மொதல்ல இருந்தே நெசம்னு தெரிஞ்சு வெச்சிருந்த ஒரே ஆளு நீங்கதான். எங்கம்மாகூட இல்ல. நெனச்சா எரிச்சலா வருது." வாசலில் நின்று ஒரு பெருமூச்சு விட்டாள். "மீதிப் பதினஞ்சு பேரு இருக்காங்க. நாளைக்குக் காலேஜ் வாசலுக்கு எட்டு மணிக்கு வாங்க. அண்ணனையும் ஸ்பேனரோட கூட்டிட்டு வாங்க."

பஸ் வந்தது. ஏறும்போது ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். அவள் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள்.